கொம்பு பார்ப்போம் என்று சொன்னவன் நான்

குணத்தின் தலை என் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இருந்தது. விழுந்தபடியே, இடது கன்னம் புல்லில் பட, ஒருக்களித்துக் கிடந்தான். நான் அவனுக்கு முன்னால் குப்புறப் படுத்து, முழங்கைகளை மண்ணில் ஊன்றி, அவன் தலை அசையாதபடி பிடித்திருந்தேன். என் மூக்குக்கும் அவன் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

சனிக்கிழமை பின்னேரம். வாவிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நசுங்கிய புல்லின் வாசம், அவன் தலையில் தேய்த்திருந்த தேங்காயெண்ணெய் வாசம், பதினாறு ஆம்பிளைகளின் வேர்வை வாசம். என் முழங்கையில் ஒரு கட்டெறும்பு ஏறி நன்றாகக் கடித்தது. கையை எடுக்க முடியாது. கடித்துத் தொலைக்கட்டும் என்று விட்டேன்.

"சேர்," என்றான் குணம். "என்ட கை ரெண்டும் எங்க கிடக்கு?"

இரண்டு கையும் அவன் நெஞ்சுக்கு முன்னால்தான் கிடந்தன. எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

"இஞ்சதான் இரிக்கி. நீ அசையாத."

"ஒண்ணுமில்ல சேர். எழும்பிறன்."

"எழும்பிப் பார். அறைஞ்சு போடுவன்."

அறைவதற்கு எனக்குக் கை ஓய்வில்லை என்பது அவனுக்கும் தெரியும். சிரிக்கப் பார்த்தான். கன்னம் மண்ணில் பதிந்திருந்ததால் பாதிச் சிரிப்புத்தான் வந்தது.

இந்தப் பின்னேரத்தை இந்தப் பத்தியில் எழுதாமல் இத்தனை வாரம் ஒளித்துத் திரிந்தேன். கொழும்பில் ஆடிய கதை, பஸ்ஸைத் தவறவிட்ட கதை, சப்பாத்து இல்லாமல் ஆடிய கதை என்று சிரிப்பாகவே எழுதிக் காலத்தை ஓட்டினேன். போன கிழமை கடைக்கு வந்த குணமே கேட்டுவிட்டான். "எல்லாம் எழுதுறீங்க, என்ட கதைய மட்டும் விட்டுட்டீங்களே சேர்? நான் என்ன குறைஞ்ச ஆளா?"

சரி, எழுதுகிறேன். ஆனால் நான் எழுதினால் நேராகப் போகாது. கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

தலையைக் கொடுக்கும் விளையாட்டு

புளியந்தீவில் எனக்கு ஒரு டயர்க் கடை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், புதனும் சனியும், பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வாவிக்கரைத் திடலுக்குப் போய் விசில் ஊதுவேன். என் வலது காது பேக்கரிப் பணிஸைக் கசக்கியது போலச் சுருண்டிருக்கும். அது பிறவியிலேயே அப்படியா என்று ஒரு வாசகி கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். இல்லை அம்மா. பதினைந்து வருடம் மற்றவர்களுடைய தலைகளோடு உரசிச் சம்பாதித்தது.

றக்பியில் பின்னால் நின்று ஓடுகிறவர்களுக்குத்தான் பெயரும் படமும். முன்னால் நிற்கும் எட்டுப் பேர் மாடுகள். அந்த எட்டு மாடுகளுக்கு வேலை பழக்குவதுதான் என் வேலை.

அவர்களுடைய பெரிய வேலை ஸ்க்ரம். ஒரு பக்கம் எட்டுப் பேர், மற்றப் பக்கம் எட்டுப் பேர், மூன்று வரிசையாகக் கோத்துக்கொண்டு குனிந்து, தலைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகித் தள்ள வேண்டும். நடுவில் பந்து. முன் வரிசையின் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களுக்கு ப்ரொப் என்று பெயர். பின்னாலிருந்து வருகிற பாரம் முழுவதும் அவர்களுடைய கழுத்தால்தான் போக வேண்டும். எதிரி ப்ரொப்பின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். பிடிக்கலாம். இழுக்கக் கூடாது. இழுத்தால் எல்லாமாகச் சரிந்து, பாரம் கழுத்தில் இறங்கும்.

மற்ற வேலை லைன்-அவுட். கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது, இரண்டு பேர் மூன்றாமவனைத் தூக்கிப் பிடிப்பார்கள். அவன் மேலே நின்று பந்தைப் பறிப்பான். பார்க்க வடிவாக இருக்கும்.

எங்களில் தூக்கப்படுகிறவன் நவாஸ். காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருப்பவன். ஆறடிக்கு மேலே வளர்ந்துவிட்டு, அல்லாஹ் தந்த உயரத்தை வீணாக்கக் கூடாது என்று விளையாட வந்தவன். தூக்குகிறவர்கள் எங்களுடைய இரண்டு ப்ரொப்களும். முதல் நாள் காற்சட்டையைப் பிடித்துத் தூக்கச் சொன்னபோது நவாஸ் பதறிப்போனான். "சேர், இது கழண்டு விழுந்திச்செண்டா நான் கடைய மூடிப்போட்டு ஊர விட்டே போகணும்."

"உன்ட கடையிலதானே காற்சட்டை எடுத்த நீ?" என்றான் குணம்.

"அதுதான்கா பயம்!"

இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மச்சானும் மச்சானும்

அந்த இரண்டு ப்ரொப்களில் ஒருவன் குணம். மற்றவன் சிவம். இரண்டு பேரும் கரடியனாற்றுப் பக்கத்து ஒரே ஊர். இரண்டு பேருக்கும் வயல்தான் தொழில். குணத்தின் மனைவி பாக்கியம், சிவத்தின் சொந்த அக்கா.

பயிற்சிக்கு ஒரே மோட்டார் சைக்கிளில் வருவார்கள். அந்த மோட்டார் சைக்கிளின் பின் டயரை எத்தனை தரம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று கேட்க வேண்டாம். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். வயல் வட்டையில் யார் வரம்பு வெட்டியது, யார் தண்ணீரைத் திருப்பிவிட்டது என்று இறங்கும்போதும் அதே கதைதான். ஸ்க்ரம்மில் குனிந்துவிட்டால் ஒரே மனுசன்.

அவர்களுடைய ஊரிலிருந்து மட்டும் பத்துப் பதினொரு பேர் வந்தார்கள். மீதிப் பேர் வாழைச்சேனையிலிருந்து வரும் மீன்பிடிகாரர்கள், நவாஸ், அவனுடைய கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஸ்க்ரம் ஏறவே இல்லை. நல்ல பலம். ஆனால் ஆளுக்கொரு நேரம் தள்ளுவார்கள். குனிந்த எட்டுப் பேரும் எட்டுத் திசையில் போவார்கள். நான் தொண்டை கிழியக் கத்துவேன். கத்தினால் இன்னும் மோசமாகப் போகும். ஒருநாள் வெறுத்துப்போய் விசிலைத் தரையில் அடித்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

கொம்பு

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சில ஊர்களில் கண்ணகி அம்மனுக்காகக் கொம்பு முறிப்பார்கள். வளைந்த வைரமான மரக்கொம்பு இரண்டை ஒன்றோடொன்று கொழுவி, இரண்டிலும் வடம் கட்டி, ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கும். ஒரு பக்கம் வடசேரி, மற்றப் பக்கம் தென்சேரி. யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். எந்தச் சேரி என்பது பரம்பரையாக வருவது. விரும்பிச் சேருவதுமில்லை, விலகுவதுமில்லை. தோற்ற சேரியை வென்ற சேரி பாட்டுக் கட்டிக் கிழிக்கும். அந்தக் கொஞ்ச நாளைக்கு எந்த உறவும் பார்ப்பதில்லை.

குணம் தென்சேரி. சிவம் வடசேரி. வடசேரியில் பிறந்து தென்சேரியில் வாழ்க்கைப்பட்டவள் பாக்கியம். கொம்பு நாளில் நீ எந்தப் பக்கம் என்று ஒருமுறை கேட்டேன். "நான் அடுப்படிப் பக்கம் சேர். ரெண்டு சேரிக்கும் பசிக்கும்தானே" என்றாள்.

அன்றைக்கு நான் அவர்களிடம் சொன்னது இதுதான். "டேய், வடத்தில நிக்கக்குள்ள எப்படி இழுப்பீங்க? ஒருத்தன் இப்ப, ஒருத்தன் மறுகாவா?"

"இல்ல சேர். ஒரே மூச்சு."

"அந்த மூச்சத்தான் நான் கேக்கிறன். வடம் பிடிச்சிருக்கிறதா நினைச்சுக்கொண்டு தள்ளுங்கடா."

அடுத்த தரம் குனிந்தார்கள். நான் கொடுத்த குரலுக்கு எட்டு முதுகும் ஒன்றாக இறங்கின. மணல் மூட்டை ஏற்றிய பழைய உழவு மெசின் பெட்டியைத்தான் தள்ளிப் பழகுவோம். அது தோளை விட்டுக் கழன்று முன்னால் ஓடியது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்றிலிருந்து வாயைத் திறந்தால் கொம்புதான். கொம்பைப் போலப் பிடி, கொம்பைப் போல மூச்செடு, கொம்பைப் போல நில். ஒரு தொடரில் எங்களை விடப் பாரமான அணிகளைப் பின்னுக்குத் தள்ளினோம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

கொம்பு என்பது இழுக்கிற விளையாட்டு. ஸ்க்ரம் என்பது தள்ளுகிற விளையாட்டு. இவ்வளவு பெரிய வித்தியாசம் அந்தக் கெட்டிக்காரனின் கண்ணில் படவில்லை.

அந்தச் சனிக்கிழமை

பல வருடத்துக்குப் பிறகு அவர்களுடைய ஊரில் கொம்பு நடந்தது. வடசேரிக் கொம்பு முறிந்துபோனது. அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி, எங்கள் பயிற்சி.

அன்றைக்குக் கடையில் ஒரு லொறிக்காரன் வந்து கழுத்தறுத்ததால் நான் திடலுக்குச் சுணங்கித்தான் போனேன். போகும்போதே இரண்டு அணியாகப் பிரிந்து நின்றார்கள். வழமையாக நான்தான் பாரம் பார்த்துப் பிரிப்பேன். அன்றைக்கு அவர்களாகவே பிரிந்திருந்தார்கள். பார்த்தவுடன் விளங்கியது. ஊர்க்காரர்களில் வடசேரி எல்லாம் ஒரு பக்கம், தென்சேரி எல்லாம் மற்றப் பக்கம். எண்ணிக்கையை நிரப்ப மற்றவர்கள். எப்போதும் ஒரே பக்கம் நிற்கும் குணமும் சிவமும் நேருக்கு நேர்.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். கலைத்து, மாற்றி நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

நான் சிரித்தேன். கைகளைத் தேய்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "சரி, இண்டைக்குக் கொம்பு பாப்பம்!"

ஓ என்று சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. நவாஸ் மட்டும், "சேர், இது சரியா வருமா?" என்றான். வடசேரியும் இல்லாத, தென்சேரியும் இல்லாத ஆள். அவனுக்குத்தான் நிலைமை ஒழுங்காகத் தெரிந்தது. "நீ போய் நில்லுடா" என்று விரட்டினேன்.

குனிந்தார்கள். பிடித்தார்கள். நான் ஓரத்தில் குந்தி, முன் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தோடு கன்னம் வைத்து நின்ற குணம், சிவத்தின் காதுக்குள் சொன்னான். எனக்கும் கேட்டது.

"மச்சான், முறிஞ்ச கொம்பு அடுப்பெரிக்கக் காணுமா? உன்ட அக்காட்டக் கேக்கட்டா?"

நான் விசில் ஊதினேன். இரண்டு பக்கமும் முட்டின. சிவத்தின் வலது கை குணத்தின் முதுகுச் சட்டையைப் பிடித்திருந்தது. அந்தக் கை, வடத்தை இழுப்பது போல, ஒரே மூச்சில் கீழே இழுத்தது.

குணம் தலைகீழாகப் போனான். பின்னாலிருந்து ஏழு பேரின் பாரம். அந்தப் பக்கமிருந்து எட்டுப் பேரின் பாரம். ஒரு சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்னொன்றையும் பார்த்தேன், அதையும் எழுத வேண்டும். எல்லாம் சரிந்த அந்தக் கணத்தில் சிவத்துக்கு என்ன செய்தோம் என்று விளங்கிவிட்டது. அவனும் விழுந்துகொண்டுதான் இருந்தான். இரண்டு முழங்கையையும் குணத்தின் தலைக்கு இரு பக்கமும் ஊன்றி, முதுகை வளைத்து, மேலே வந்து விழுந்தவர்களை எல்லாம் தன் மேல் வாங்கினான். "எழும்புங்கடா! எழும்புங்கடா!" என்று கத்தினான். நவாஸ் ஓடிவந்து ஆட்களைக் கொலரில் பிடித்து ஒவ்வொருவராகத் தூக்கி எறிந்தான். கடைசியாகச் சிவத்தைத் தூக்கும்போது அவனுடைய தோள் எலும்பு முறிந்து, கை தொங்கிக்கொண்டிருந்தது.

வாளித் தண்ணீர்

அம்புலன்ஸ் வருமட்டும் நானும் குணமும் முகத்துக்கு முகம் கிடந்தோம். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. நவாஸ் தெருவில் நின்று வழி காட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது எனக்கு ஒரு மனுசன் ஞாபகத்துக்கு வந்தார். நான் கொழும்பில் ஒரு கம்பனி அணிக்கு ஆடிய காலத்தில் எங்களுக்குப் பயிற்சி தந்த ஒரு சிங்கள மாத்தயா, ஐயா என்று அர்த்தம். ஒருநாள் பந்தையே தொடவிடாமல், ஆளுக்கொரு வாளியில் விளிம்புமட்டும் தண்ணீர் நிரப்பித் தந்தார். குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் வாளியைத் தரையிலிருந்து நாலு விரல் உயர்த்திப் பிடிக்க வேண்டும். சிந்தக் கூடாது. கழுத்தில் அடிபட்டவனின் தலையை அப்படித்தான் பிடிக்க வேண்டுமாம். எனக்கு அப்போது சிங்களம் அரைகுறை. மனுசனுக்குப் பைத்தியம் என்று தமிழில் ஏசிக்கொண்டே பிடித்தேன். தோள் இரண்டும் விட்டுப்போனது. சிந்தியவர்களுக்கு மறுபடியும் நிரப்பித் தந்தார்.

அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. இருந்தால் தமிழ் வாசிக்க மாட்டார். இருந்தாலும் சொல்கிறேன். மாத்தயா, உங்களுக்குக் கோடி புண்ணியம். ஏசியதை மன்னித்துக்கொள்ளுங்கள்.

குணம் பயப்படத் தொடங்கினான். "சேர், வயலுக்குத் தண்ணி கட்டாம வந்திட்டன்."

"ஆராவது கட்டுவாங்க."

"கை வராட்டி எப்படி சேர் மண்வெட்டி பிடிக்கிற?"

இரண்டு பொம்பிளைப் பிள்ளைகளின் தகப்பன் அவன். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு அவன் தன் கையையே கொடுக்க வேண்டியதாகிவிடுமோ என்று பயந்தேன். "கதைக்காத, கண்ண மூடாத, என்னையே பார்" என்று மட்டும் சொன்னேன்.

பார்த்தான். அந்த நேரம் முழுவதும் ஒரு நூல்கூட அசையவில்லை. கொழுப்புப் பிடித்தவன், ரோசக்காரன், யார் சொல்லையும் கேளாதவன். அன்றைக்குக் கேட்டான். என்னை நம்பி அப்படிக் கிடந்தான். அந்த நம்பிக்கைக்கு நான் என்ன செய்தேன் என்று நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பாக்கியம் கேட்டது

பெரியாஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எலும்பு முறியவில்லை, உள்ளே நரம்பு அதிர்ந்திருக்கிறது, கை கால் வருமா, எவ்வளவுக்கு வரும் என்பதை இரண்டு மூன்று நாள் பார்த்துத்தான் சொல்லலாம் என்று டொக்டர் சொன்னார். வயது குறைந்த பெண். பொறுமையாக, இரண்டு தரம் விளக்கினார்.

பாக்கியம் வந்தாள். வீட்டுச் சட்டையோடு, காலில் செருப்பு மாறிப் போட்டு வந்திருந்தாள். விறாந்தையில் நாங்கள் எல்லோரும் சேறும் புல்லுமாக நின்றோம். சிவம் கையைத் துணியில் கட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றான்.

"ஆரு சேர்?" என்றாள். "ஆரு விழுத்தின?"

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். விளையாட்டில் நடந்தது, யாரென்று தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். எல்லோரும் ஆமென்றிருப்பார்கள். சிவம் தூணை விட்டு வெளியே வந்தான்.

"அக்கா, நான்தான். நான்தான் இழுத்த."

பாக்கியம் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் மறைக்காமல் சொன்னேன். மாதக் கணக்காகக் கொம்பு கொம்பு என்று சொல்லிப் பழக்கியதை, அன்றைக்குச் சேரி சேரியாக நிற்பதைக் கண்டும் பிரிக்காததை, கொம்பு பார்ப்போம் என்று கத்தியதை, நவாஸ் சொன்னதைக் கேளாததை. "இழுத்தது அவன்ட கைதான் புள்ள. ஆனா இழுக்கச் சொன்ன வாய் என்ட வாய்."

அவள் அழவில்லை. எனக்கு இப்போதும் அந்தக் குரல் கேட்கிறது.

"என்ட புருசன்ட கழுத்து உங்களுக்கெல்லாம் கொம்பா சேர்?"

மர வாங்கில் போய் இருந்துகொண்டாள். நவாஸ் தேத்தண்ணி வாங்கிவந்து கொடுத்தான். குடித்தாள். தம்பி பக்கம் திரும்பவே இல்லை.

பெருவிரல்

மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தேன். அம்மனிடம் வேண்டக்கூட வாய் கூசியது. அவளுடைய கொம்பைத்தானே நான் எடுத்து விளையாடினேன்?

சிவம் தோளில் கட்டோடு வாசலுக்கு வெளியே மரத்தடியில் இருந்தான். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டான். இடையில் ஒருதரம் காணாமல் போனான். எங்கே என்று பார்த்தால், ஒற்றைக் கையோடு வட்டைக்குப் போய் குணத்தின் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்திருக்கிறான்.

மூன்றாம் நாள் காலை, தாதி வந்து கூப்பிட்டார். குணம் மல்லாந்து கிடந்தான். கழுத்தில் பட்டி. பாக்கியம் அவன் வலது கையைத் தன் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"பாருங்க சேர்," என்றாள்.

பெருவிரல் அசைந்தது. நெல் மணியை உருட்டுவது போல, மெல்ல. மறுகா நின்றது. திரும்பவும் அசைந்தது.

நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் யாரோ செத்துவிட்டதாக நினைத்து எழும்பிப் பார்த்தார்.

"என்ன சேர், விரலுக்கே இப்படி அழுதா, கை முழுக்க வந்தா என்ன செய்வீங்க?" என்றான் குணம். பின்னேரத்துக்குள் கையும் வந்தது. நாலைந்து நாளில் எழும்பி நடந்தான். ஆனால் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் கழுத்து இனி ஸ்க்ரம்முக்குள் போகக் கூடாது. ஒருநாளும் கூடாது.

வீட்டுக்குப் போகிற அன்றைக்கு அவன் பாக்கியத்திடம் சொன்னதை நான் கேட்டேன். "உன்ட தம்பி இழுத்தவன்தான். எனக்குத் தெரியும். எனக்கு மேல விழ வந்த சனத்த முதுகில தாங்கினவனும் அவன்தான். அதுவும் எனக்குத் தெரியும். வாயக் குடுத்தது நான். நீ எதுக்கு அவனோட கதைக்காம இரிக்கா?"

பாக்கியம் உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

திரும்பவும் திடல்

நான் விசிலை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். கிட்டத்தட்ட இரண்டு மாதம். இனி வேண்டாம் என்றுதான் இருந்தேன். நவாஸ்தான் விடவில்லை. ஒவ்வொரு புதனும் கடை வாசலில் வந்து நிற்பான். "சேர், எங்களுக்குச் சரியாப் பழக்கத் தெரிஞ்ச ஆள் வேற இல்ல. பிழையாப் பழக்கினா என்ன நடக்குமெண்டு தெரிஞ்ச ஆளும் வேற இல்ல. எழும்புங்க."

எழும்பினேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். கொம்பு என்ற சொல்லை எடுத்தால் திடலைச் சுற்றிப் பத்து ஓட்டம், எனக்கும் சேர்த்து. அணியை நான்தான் பிரிப்பேன். குனிவதற்கு முன்னால் எதிரில் நிற்பவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவன் "ஓம்" என்ற பிறகுதான் பிடிக்க வேண்டும். ஆளுக்காள் வாளியும் வாங்கினேன். குப்புறப் படுத்துத் தண்ணீர் பிடித்தார்கள். என்னையும் ஏதோ ஏசியிருப்பார்கள். நல்லது.

சிவம் தோள் சுகமாகி வந்தான். லைன்-அவுட்டில் நவாஸைத் தூக்கினான், பத்திரமாக இறக்கினான். மணல் மூட்டைப் பெட்டியையும் தள்ளினான். ஆனால் முதன்முதலாக ஆளோடு ஆள் ஸ்க்ரம் வைத்த சனிக்கிழமை, எதிரில் நின்ற வாழைச்சேனைக்காரரின் சட்டையில் கை வைக்க அவனால் முடியவில்லை. குனிவான், கையை நீட்டுவான், எழும்பிவிடுவான். மூன்று தரம் அப்படி நடந்தது.

அன்றைக்குக் குணமும் வந்திருந்தான். அவன் மட்டும் வரவில்லை, பாக்கியமும் கூட வந்திருந்தாள். எங்களை நம்பி அவனைத் தனியே அனுப்ப அவளுக்கு மனமில்லை. மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பார்த்திருந்தாள். அந்த நாளிலிருந்து அன்றுவரை தம்பியோடு அவள் ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

குணம் கோட்டைத் தாண்டி வந்தான். "என்னடா மச்சான்?"

"ஏலாது," என்றான் சிவம். "பிடிச்சா இழுத்திருவனோ எண்டு பயமா இரிக்கி."

"கழுத்து என்ட கழுத்து. நானே பயப்படல்ல. நீ எதுக்குடா பயப்படுறா?"

சிவம் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலால், மோட்டார் சைக்கிள் நின்ற பக்கம் பார்த்தான். பதினைந்து பேர் குனிந்தும் குனியாமலும் நின்றோம். நான் விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.

பாக்கியம் திடலுக்குள் நடந்து வந்தாள். தம்பிக்கு முன்னால் நின்றாள். அவனுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி, வாழைச்சேனைக்காரரின் முதுகுச் சட்டையில் கொண்டுபோய் வைத்தாள்.

"பிடி தம்பி," என்றாள். "பிடிச்சுக்கொண்டு தள்ளு."

அவன் குனிந்தான். நான் விசில் ஊதினேன்.